நேரே போவதற்கு டபிள் சிக்னல் எதற்கு?

போன மாரியில் ஒரு பின்னேரம், யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் ஒரு ஒழுங்கையிலிருந்து கே.கே.எஸ். வீதிக்கு ஏறுவதற்காகக் காரை நிப்பாட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடப்பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அலுவல். வலப்பக்கத்தில் கடைக்குச் சாமான் இறக்க ஒரு லொறி ஓரமாக நின்றது. அந்த லொறியை விலத்திக்கொண்டு ஒரு வான் வந்தது, அதன் வலப்பக்கச் சிக்னல் மினுங்கியது, வானும் நடு வீதிப் பக்கமாகத்தான் வந்தது, எதிரே இன்னொரு ஒழுங்கை வேறு இருக்கிறது. ஆள் அதற்குள் திரும்பப் போகிறார் என்று நினைத்து நான் வெளியே எடுத்தேன்.

வான் திரும்பவில்லை. நேரே வந்தது. இரண்டு பேரும் பிரேக்கில் ஏறி நின்றதில் ஒரு சாண் இடைவெளி மிஞ்சியது. இறங்கி வந்தவர் என்னைவிடக் கோபமாக இருந்தார். "தம்பி, நேரே போறன் எண்டுதானே டபிள் சிக்னல் போட்டுக்கொண்டு வாறன், கண் தெரியேல்லையோ?"

டபிள் சிக்னல் என்றால் இரண்டு பக்கச் சிக்னலும் ஒன்றாக மினுங்குவது, ஆனால் அவருடைய இடப்பக்க லைற்றை லொறி மறைத்துவிட்டது. எனக்குத் தெரிந்தது வலப்பக்கத்து லைற் மட்டும். பொலிஸ் வந்திருந்தால் பிரதான வீதியில் வந்தவருக்கு வழி விடாத பிழை என்னுடையதாகத்தான் போயிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மனுசன் அந்த லைற்றைப் போடாமலே வந்திருந்தால் நான் அசைந்திருக்க மாட்டேன். நேரே போகிறவருக்குச் சிக்னலே தேவையில்லை. சிக்னல் இல்லாமல் வருவதுதான் நேரே போவதற்கான சிக்னல்.

அன்றிலிருந்து இதைப் பற்றி ஒருக்கா வடிவாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாஷ்போட்டில் சிவப்பு முக்கோணம் கீறிய பொத்தான், அதை அமத்தினால் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இருக்கிற சிக்னல் லைற் எல்லாம் ஒன்றாக மினுங்கும், அதைத்தான் டபிள் சிக்னல் என்கிறோம், ஹசாட் லைற் என்றும் சொல்வார்கள். திறப்பைக் கழற்றிய பிறகும் வேலை செய்யும்படிதான் இதற்கு வயர் இழுத்திருப்பார்கள். விபத்து நடந்து எஞ்சின் நின்றுபோன காரிலும் எரிய வேண்டும் என்பதற்காக. இந்த ஒன்றிலிருந்தே அதன் வேலை என்னவென்று விளங்கிவிடும். நின்றுபோன வாகனத்துக்கென்று செய்த லைற் அது. "இங்கே ஒரு இடைஞ்சல் இருக்கிறது, நான்தான் அந்த இடைஞ்சல், பார்த்து வா" என்பதற்கு மேல் அதற்கு வேறு கதை கதைக்கத் தெரியாது.

அதைப் போட்டவுடன் இன்னொன்றும் நடக்கும், பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான கார்களில் டபிள் சிக்னல் எரியும்போது ஸ்ரியரிங் பக்கத்துத் தண்டை மேலேயோ கீழேயோ தட்டினாலும் வெளியே ஒரு மாற்றமும் தெரியாது, நாலும் பழையபடி மினுங்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் வலப்பக்கம் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டதாக நினைத்துத் திருப்புவீர்கள், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற பெடியனுக்கு நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. அதே பெடியன் உங்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவனுக்குத் தெரிவது அவன் பக்கத்து லைற் மட்டும், அவன் நீங்கள் தன் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று நினைத்துச் சடாரென்று பிரேக் பிடிப்பான். சந்தியில் நாலு திசையிலிருந்தும் பார்க்கிற நாலு பேருக்கும் ஒரே வாகனம் நாலு கதை சொல்லும். எனக்கு நடந்ததும் அதுதான்.

கலியாணத்துக்குப் போகிற வாகனத் தொடரில் மாப்பிள்ளை காரிலிருந்து கடைசி வான் வரைக்கும் டபிள் சிக்னல் போட்டுக்கொண்டு ஐம்பது அறுபதில் ஓடுவதும் இதே பிழைதான். செத்தவீட்டு ஊர்வலத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்கிற வாகனங்கள் வேறு விசயம், அவை உண்மையிலேயே வீதியில் ஒரு இடைஞ்சல்தான், கடைசியாக வருகிற வாகனமாவது போட்டுக்கொண்டு வருவது நல்லது.

(எங்கள் வீதிகளில் ஓடுகிற கார்களில் நிறைய ஜப்பானில் ஓடி வந்தவை. அங்கே வழி விட்டவருக்கு நன்றி சொல்ல டபிள் சிக்னலை இரண்டு மூன்று தரம் மினுக்கிவிட்டு அணைக்கிற பழக்கம் உண்டு. கார் வந்தது, பழக்கம் கப்பலேறவில்லை. இங்கே கை தூக்கினால் போதும்.)

மழைக்கு

ஐப்பசி, கார்த்திகையில் வானம் பிரிந்து கொட்டும்போது பாருங்கள், ஏ9 வீதியில் பாதி வாகனம் மினுங்கிக்கொண்டு ஓடும். மழையில் டபிள் சிக்னல் போட்டால் பாதுகாப்பு என்று யாரோ சொல்லிக்கொடுத்து எல்லோரும் நம்பிவிட்டார்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மழையில் தேவைப்படுவது பின்னால் வருகிறவர் உங்களைத் தொடர்ந்து பார்ப்பது, அதற்கு ஹெட் லைற்றை டிம்மில் போட்டால் பின்னாலுள்ள சிவப்பு லைற்றும் சேர்ந்து எரியும், பனி லைற் இருந்தால் அதையும் போடலாம். மினுங்குகிற லைற் பாதி நேரம் அணைந்திருக்கிற லைற். அதோடு கண்ணாடியில் தண்ணீர் வழியும்போது அந்த மஞ்சள் மினுக்கம் பிரேக் லைற்றை அமுக்கிவிடும், நீங்கள் பிரேக் பிடித்ததே பின்னால் வருகிறவருக்குப் பிந்தித்தான் தெரியும். எல்லாரும் போட்டுக்கொண்டு ஓடினால், அதற்குள் உண்மையிலேயே நின்றுபோன ஒருவரை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஓடுகிறார் என்று நினைத்துத்தான் பின்னால் போய் இடிப்பார்கள்.

முன்னால் எதுவுமே தெரியாத அளவுக்கு மழை என்றால் ஓடாதீர்கள். தார் வீதியை விட்டு நன்றாக உள்ளே, ஒரு கடை முற்றத்திலோ பெற்றோல் செட்டிலோ கொண்டுபோய் நிப்பாட்டுங்கள். வீதி ஓரத்திலேயே நிற்க வேண்டி வந்தால், நின்ற பிறகு போடுங்கள். நின்ற பிறகு.

தை மாதத்தில் விடியற்காலம் வன்னிப் பக்கம் இறங்குகிற பனிக்கும் இதே கணக்கு. ஃபுல் பீம் போட்டால் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், டிம்தான் சரி.

வாகனம் நின்றுவிட்டால்

இங்கேதான் அந்தப் பொத்தானுக்கு உண்மையான வேலை.

இரண்டு வருசத்துக்கு முன் கொழும்பிலிருந்து வரும்போது ஆனையிறவு தாண்டி இயக்கச்சிக்குக் கிட்ட இரவு பத்து மணிபோல பின் ரயர் ஒன்று போய்விட்டது. காரில் ஐந்து பேர். நான் ஒழுங்காக ஓரம் கட்டினேன், டபிள் சிக்னலும் போட்டேன், எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் நினைப்பு. ஸ்பெயார் வீலை எடுக்க டிக்கியைத் திறந்தோம், ரயரைப் பார்க்க எல்லாரும் காருக்குப் பின்னால் கூடி நின்றோம், சித்தப்பா ரோச் பிடித்தார், மச்சான் ஆலோசனை சொன்னான். ஒரு டிப்பர் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களை உரசுகிற மாதிரிப் போனபோதுதான் நான் கொஞ்சத் தூரம் பின்னால் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். லைற் ஒன்றையும் காணவில்லை! டிக்கி மூடி மேலே போனதோடு லைற்றின் ஒரு பகுதியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு மேலே போய்விட்டது, மிச்சத்தை ஐந்து பேரின் கால்களும் மறைத்துக்கொண்டு நின்றன.

ஆகவே, நான் இப்போது செய்கிற ஒழுங்கைச் சொல்கிறேன்.

கார் இழுக்கவில்லை, புகைக்கிறது, ரயர் அடித்துவிட்டது, எதுவானாலும் முதல் வேலை டபிள் சிக்னல். வேகம் குறையத் தொடங்கும்போதே போடுங்கள், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் வழமையாகப் போகவில்லை என்று அப்போதே தெரிய வேண்டும். பிறகு இடப்பக்கம் எவ்வளவு தூரம் ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்குங்கள். காற்றுப் போன ரயரில் நூறு மீற்றர் ஊர்ந்தால் ரயர் கிழியும், ரிம்மும் அடிபடலாம், அந்தக் காசைப் பார்த்து வளைவிலோ பாலத்திலோ நிற்கக்கூடாது. மாரியென்றால் தாருக்கு வெளியே உள்ள மண் இளகியிருக்கும், முழு வீலும் புதைந்து போகாத இடமாகப் பார்க்க வேண்டும். நின்றதும் ஹாண்ட் பிரேக், வீலை இடப்பக்கம் வளைத்துவிடுங்கள், யாரும் பின்னால் இடித்தாலும் கார் நடு வீதிக்குப் போகாமல் வேலிப் பக்கம் போகும். இரவென்றால் பார்க் லைற் எரியட்டும்.

இறங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் நாட்டில் டிரைவர் இருப்பது வலப்பக்கம், அந்தக் கதவு திறப்பது ஓடுகிற வாகனங்களுக்குள். மற்ற ஆட்களை இடப்பக்கத்தால் இறக்குங்கள், முடிந்தால் நீங்களும் பக்கத்துச் சீற்றைக் கடந்து அந்தப் பக்கத்தாலேயே இறங்குங்கள். கியர் தண்டு காலில் இடிக்கும், பரவாயில்லை. முடியாவிட்டால் கண்ணாடியில் பார்த்து, ஒரு வாகனமும் இல்லாத நேரம் இறங்கி உடனே வேலிப் பக்கம் வந்துவிடுங்கள். இறங்கிய ஆட்கள் காருக்குப் பின்னாலும் நிற்கக்கூடாது, காருக்கும் உதவிக்கு வந்து நிற்கிற காருக்கும் இடையிலும் நிற்கக்கூடாது. சின்னப் பிள்ளைகளை யாராவது ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு வீதியை விட்டு நன்றாக விலகி, மதகுக் கட்டுக்கோ வேலிக்கோ அப்பால் போய் நிற்க வேண்டும்.

அடுத்தது முக்கோணம். சிவப்பு ஒளி தெறிக்கிற மடக்கு முக்கோணம் ஒன்று காரில் இருக்க வேண்டும். நிறையப் பேர் கார் வாங்கும்போது கூட வந்ததைப் பிரிக்காமலே உறையோடு வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் வீட்டு முற்றத்தில் வைத்து விரித்துப் பழகுங்கள், மழையில் இருட்டில் முதல் தரம் விரிக்கப் போனால் கை வராது. லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்கள் படிக்கிற பிரித்தானிய நெடுஞ்சாலைக் கோவையில் சாதாரண வீதிகளில் இதை வாகனத்துக்குக் குறைந்தது 45 மீற்றர் பின்னால் வைக்கச் சொல்லியிருக்கிறது. நடந்தால் கிட்டத்தட்ட அறுபது எட்டு எடுத்து வைக்கிற தூரம். எங்கள் ஆட்கள் வைப்பது ஆறு எட்டில்! பம்பருக்குக் கீழே வைத்த முக்கோணம் யாருக்கு?

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 70 கிலோமீற்றரில் வருகிற வாகனம் ஒரு செக்கனில் 19 மீற்றருக்கு மேல் போய்விடும். கண்டு, விளங்கி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வைத்தால் அதற்குள்ளேயே கிட்டத்தட்ட 30 மீற்றர் முடிந்துவிடும். பிறகு காய்ந்த வீதியில் நல்ல பிரேக்கோடு நிற்க இன்னும் 25, 30 மீற்றர் வேண்டும், ஈர வீதியில் அது இரட்டிப்பாகவும் போகலாம், கல் ஏற்றிய டிப்பருக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, அதற்கு இன்னும் கூட வேண்டும். அதனால் ஏ9இல் நான் நூறு எட்டு எடுத்து வைத்து நடப்பேன். வளைவுக்கு அப்பால் நின்றுவிட்டால் வளைவுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும், வளைவுக்குள் வைத்து வேலையில்லை. போகும்போது வாகனம் வருகிற திசையைப் பார்த்து, முக்கோணத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, தார் வீதிக்கு வெளியே நடக்க வேண்டும். ரோச் இருந்தால் நிலத்தில் அடித்து ஆட்டுங்கள். வருகிற டிரைவரின் முகத்தில் அடித்தால் அவருக்கு நீங்களும் தெரியமாட்டீர்கள், காரும் தெரியாது.

முக்கோணம் இல்லையென்றால்? எங்கள் ஊர் வழி ஒன்று இருக்கிறதே, குழை முறித்துப் போடுவது. மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களின் காலத்தில் டபிள் சிக்னல் பொத்தானும் கிடையாது, முக்கோணமும் கிடையாது, வேலியில் பூவரசங் குழையோ கிளுவங் குழையோ முறித்து வீதியில் போட்டுவிட்டுத்தான் பொனற்றைத் திறப்பார்கள். இன்றைக்கும் லொறிக்காரர் செய்கிறார்கள், வீதியில் குழை கிடந்தால் முன்னால் ஏதோ நிற்கிறது என்று பழைய டிரைவர் எல்லாருக்கும் விளங்கும். பகலில் அது நல்ல முறைதான், இரவில் குழை வெளிச்சத்தைத் தெறிக்காது என்பதால் அதை மட்டும் நம்ப ஏலாது. அதைவிட, வீலுக்கு அடை வைத்த கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்களே, அதுதான் கொலைவேலை. திருத்திக்கொண்டு கிளம்பும்போது கல்லையும் குழையையும் எடுத்து வேலிப் பக்கம் எறிந்துவிட்டுப் போங்கள். இரவில் ஒரு மோட்டார் சைக்கிள் அந்தக் கல்லில் ஏறினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

டிக்கியைத் திறந்து தேவையானதை எடுத்தவுடன் மூடிவிடுங்கள். இது இயக்கச்சியில் படித்த பாடம். ஆபத்தான இடத்தில் நிற்கிறீர்கள், தள்ளவும் முடியவில்லை என்றால் பொலிசுக்கு 119, யாருக்கும் காயம் என்றால் 1990 அம்புலன்ஸ், காசு வாங்க மாட்டார்கள்.

பண்ணைப் பாலம் தாண்டி வேலணைக்குப் போகிற வீதி, வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற வீதி, இந்த இரண்டும் தனிக் கதை. இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க இடமில்லை, குறிகட்டுவானில் படகுக்கு நேரமாகிவிட்டது என்று பறந்து வருகிற வான்கள் வேறு. அங்கே ரயரில் காற்றுப் போனால் நடுவில் நின்று மாற்ற நினைக்காதீர்கள். டபிள் சிக்னலைப் போட்டுக்கொண்டு நடை வேகத்தில் ஊர்ந்து கரைக்கு வாருங்கள், ரயர் போனால் போகட்டும். ஓடும்போது போடக்கூடாது என்று மேலே அவ்வளவு சொன்னவன் இப்போது ஓடும்போது போடச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். நடை வேகத்தில் ஊர்கிற நொண்டி வாகனம் மற்றவருக்கு நிற்கிற வாகனம் மாதிரித்தான், அதனால்தான்.

ரயில் கடவையில் கார் நின்றுவிட்டால் இந்தப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆட்களை இறக்கித் தண்டவாளத்தை விட்டுத் தூரப் போகச் செய்வதுதான் முதல் வேலை, மணி அடிக்காமல் இருந்து தள்ள ஆட்களும் இருந்தால் மட்டும் நியூட்ரலில் போட்டுத் தள்ளிப் பாருங்கள். காரை ரயில் அடித்தால் அடிக்கட்டும்.

ஓடும்போது போடக்கூடிய இன்னொரு இடம். மாங்குளம், புளியங்குளம் பக்கம் நல்ல வேகத்தில் வரும்போது திடீரென்று மாட்டுப் பட்டி ஒன்று வீதியில். நீங்கள் பிரேக் பிடிக்கிறீர்கள், பின்னால் பஸ். இந்த நேரத்தில் இரண்டு மூன்று செக்கனுக்கு டபிள் சிக்னல் போடுவது நல்ல வேலை, ஆனால் முதலில் பிரேக், பிறகுதான் பொத்தான், கை தேடுவதற்காகக் கண்ணை முன்னாலிருந்து எடுக்கக்கூடாது. கண்ணாடியில் பாருங்கள், பஸ் வேகத்தைக் குறைத்துவிட்டது என்றவுடன் அணையுங்கள். புதிய கார்கள் சிலவற்றில் கடும் பிரேக் பிடித்தால் தானாகவே வேகமாக மினுங்கித் தானாகவே நிற்கும். அது பழுதில்லை, கராஜுக்கு ஓடத் தேவையில்லை.

"இரண்டு நிமிசம்தான்"

ஆஸ்பத்திரி வீதியில், திருநெல்வேலிச் சந்தையடியில், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் பாருங்கள். நடு வீதியில் நிப்பாட்டி, டபிள் சிக்னலைத் தட்டிவிட்டு, ஆள் இறங்கிக் கடைக்குள் போய்விடுவார். பொத்தானை அமத்தினால் அந்த இடம் பார்க்கிங் ஆகிவிடும் என்கிற மாதிரி. நிப்பாட்டக்கூடாத இடம் லைற் போட்டாலும் நிப்பாட்டக்கூடாத இடம்தான். போதனா வைத்தியசாலைக்கு அம்புலன்ஸ் வருகிற வீதியில் நின்றுகொண்டு வடை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒழுங்காக ஓரத்தில், இடம் உள்ள இடத்தில் நிப்பாட்டியிருந்தால் டபிள் சிக்னல் தேவையே இல்லை. வயசான ஆளை இறக்குகிறீர்கள், வேறு இடமே இல்லை, டிரைவர் சீற்றில் ஆள் இருக்கிறது என்றால் சரி, போட்டுக்கொண்டு இறக்கிவிட்டு உடனே எடுங்கள்.

படலையால் ரிவர்ஸில் வீதிக்கு வரும்போது போடலாமா என்று என் தங்கச்சி கேட்டாள். நானும் போடுவதுண்டு, மறைக்கவில்லை, ஆனால் லைற்றை விட ஒரு ஆளை வெளியே விட்டுப் பார்க்கச் சொல்வதுதான் நல்லது. அதிலும் நல்லது, வரும்போதே ரிவர்ஸில் உள்ளே விட்டு, போகும்போது முகம் காட்டி வருவது.

கட்டி இழுக்கும்போது

இதில் எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த லண்டன் சித்தப்பாவும் ஜேர்மனி அத்தானும் இருந்த நேரம் பக்கத்து வீட்டு வானைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டி வந்தது. அத்தான் இரண்டு வாகனத்துக்கும் டபிள் சிக்னல் போடு என்றார், சித்தப்பா போடவே கூடாது என்றார். இரண்டு பேரும் சரிதான், அவரவர் நாட்டில். ஜேர்மனியில் கட்டி இழுக்கும்போது இரண்டு வாகனமும் போட வேண்டும் என்பது சட்டம். பிரித்தானிய நெடுஞ்சாலைக் கோவையின் 116ஆம் விதி, ஓடும்போதும் இழுபடும்போதும் போடக்கூடாது என்கிறது, நெடுஞ்சாலை போன்ற பெரிய வீதிகளில் முன்னாலுள்ள ஆபத்தைப் பின்னால் வருகிறவருக்குக் காட்டுவதற்கு மட்டும் விதிவிலக்கு.

எங்கள் வீதியில் நான் செய்வது: கயிற்றில் இழுபடுகிற வாகனத்தில் டபிள் சிக்னல், ஏனென்றால் இடையில் கயிறு இருப்பது தெரியாமல் மோட்டார் சைக்கிள்காரர் நடுவால் பூர வருவார்கள். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணியும் ஒன்று கட்டுங்கள். திரும்ப வேண்டிய சந்திக்கு முன்னால் டபிள் சிக்னலை அணைத்துவிட்டு ஒழுங்கான சிக்னல், திரும்பிய பிறகு மறுபடி. பின்னால் இருக்கிறவருக்கு இன்னொன்றும் சொல்லி ஏற்றுங்கள், திறப்பு "ஒன்" (ON) நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் பிரேக் கல்லு மாதிரி இருக்கும், முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும்.

பற்றரியும் பல்பும்

பழைய மாதிரி பல்பு உள்ள காரில் நாலு மூலையிலும் 21 வாற்று, பக்கவாட்டில் 5 வாற்று இரண்டு, மொத்தம் 94 வாற்று. 12 வோல்ற்றுக்குக் கிட்டத்தட்ட 8 அம்பியர், பாதி நேரம் அணைந்திருப்பதால் சராசரி 4. சின்னக் காரில் இருப்பது 35 அம்பியர்-மணி பற்றரி என்று வையுங்கள், காகிதத்தில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். ஆனால் ஸ்டார்ட் எடுக்க மிச்சம் வேண்டுமே, அதோடு எங்கள் வெயிலில் வெந்த இரண்டு வருசப் பற்றரி என்றால் இரண்டு மூன்று மணித்தியாலத்திலேயே கையை விரித்துவிடலாம். மெக்கானிக் வரப் பிந்தினால் எஞ்சின் ஓடக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று பார்த்து இடையிடையே ஓட விடுங்கள். எல்ஈடி லைற் உள்ள கார் இதைவிட எவ்வளவோ குறைவாக எடுக்கும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் "எங்களுக்குப் பெரிய பற்றரி இருக்கிறது" என்று நினைக்கக்கூடாது. டபிள் சிக்னலுக்கு மின்சாரம் போவது அந்தப் பெரிய பற்றரியிலிருந்து நேராக இல்லை, வேறாக இருக்கிற சின்ன 12 வோல்ற் பற்றரியிலிருந்து. அது இறங்கினால் பெரியது நிறைந்திருந்தாலும் கார் ஸ்டார்ட் ஆகாது. ரொயோட்டா அக்குவா ஹைபிரிட் வைத்திருக்கிற நண்பன் ஒருவன் கலியாண வீட்டு வாசலில் மறந்துபோய் போட்டுவிட்டு உள்ளே போய், சாப்பிட்டு, கதைத்து, திரும்பி வந்து பட்ட பாட்டை அவனே சொல்லுவான்.

பல்பைப் பார்ப்பதற்கு இரண்டாவது ஆள் தேவையில்லை. இருட்டின பிறகு வீட்டு மதிலுக்குக் கிட்டக் காரைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிப்பாட்டி டபிள் சிக்னலைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள், மதிலில் இரண்டு மஞ்சள் வட்டமும் விட்டு விட்டு விழ வேண்டும். பிறகு முன்பக்கத்தைத் திருப்பி அதே மாதிரி. தகர வேலி என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். பிரேக் மிதிக்கும்போது சிக்னல் லைற்றும் மங்கலாக எரிந்தால் அல்லது ஒரு பக்கம் மட்டும் சோர்ந்து எரிந்தால் பிழை பல்பில் இல்லை, ஏர்த் வயரில், கடற்கரைப் பக்கம் ஓடுகிற வாகனங்களில் ஹோல்டருக்குள் பச்சையாகப் பூத்திருக்கும், சுரண்டித் துப்புரவாக்கினால் சரியாகிவிடும்.

அந்த வான்காரரோடு வாய்த்தர்க்கம் முடித்து வீட்டுக்கு வந்த அன்று இரவு, ஏதோ ஒரு ரோசத்தில் நானும் இதைச் செய்து பார்த்தேன். மதிலில் ஒரு வட்டம்தான் விழுந்தது. பின் இடப்பக்கம் எரியவில்லை. இடப்பக்கச் சிக்னல் போடும்போது உள்ளே டிக் டிக் சத்தம் கொஞ்ச நாளாகக் கெதியாக அடித்ததைக் கேட்டிருக்கிறேன், ரிலே பழுதாக்கும், ஆறுதலாகப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அது பல்பு போய்விட்டது என்று கார் சொன்ன சிக்னல். அடுத்த நாள் காலமை கடை திறக்கும் வரைக்கும் படலையடியில் நின்று, பல்பு வாங்கிப் போட ஐந்து நிமிசம் போனது.